கடல் சூடாவதற்கும் பழங்குடிகளுக்கும் என்ன சம்பந்தம்? பாம்பனிலிருந்து வந்த கேள்வி

பாம்பனிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கிறாராம். சென்ற காணொளியில் பருவநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, நடுவில் பழங்குடி மக்கள் நிலத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன். அது அவருக்கு ஒப்பவில்லை. கேள்வியை அப்படியே படிக்கிறேன்:

"நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால்தான் பூமி சூடாகிறது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதில் பழங்குடிகள் நிலத்தைத் தாயாக நினைக்கிறார்கள் என்பதை எதற்குக் கொண்டுவந்து சேர்க்கிறீர்கள்? நம் ராமநாதபுரம் கடற்கரையில் அப்படி யாரும் இல்லை. என் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். அவரிடம் போய்ப் பூமித்தாய் என்றால் சிரிப்பார். இதில் அவருக்கு என்ன இருக்கிறது?"

அம்மா சிரிப்பார் என்பதை நானும் நம்புகிறேன். கேள்வியின் முதல் பாதியிலும் எனக்குச் சண்டை இல்லை. காரணம் எரிபொருள்தான். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 280 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வெயிலாக உள்ளே வருவதை இந்த வாயு தடுப்பதில்லை. தரை சூடாகி மேலே அனுப்பும் வெப்பத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமியின் சராசரி வெப்பம் 1.1 டிகிரி கூடியிருந்தது. 2024ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்தால் 1.5 டிகிரியைத் தாண்டிவிட்டது. எந்தக் குலசாமியைக் கும்பிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது.

எரித்தவர்கள் யார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அமெரிக்காவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 14 டன் அளவுக்குக் கரியமில வாயு வெளியாகிறது. இந்தியாவில் 2 டன். அந்த இரண்டு டன்னும் சராசரிதான். குளிர்பதன அறையில் உட்கார்ந்து இதைப் பேசுகிற நானும், அதிகாலையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்குகிற உங்கள் அம்மாவும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாக அடைபட்டிருக்கிறோம்.

இப்போது நம் கடலுக்கு வருவோம். இப்படிக் கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. காற்று சூடாவதைத்தான் நாம் உணர்கிறோம். பாரம் முழுக்கக் கடலுக்கு. மன்னார் வளைகுடாவில் இதன் முதல் அடையாளம் பார்களில் தெரிந்தது. பார் என்று நம் ஆட்கள் சொல்வது பவளப்பாறையை. அது கல்லைப்போலக் கிடந்தாலும் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய வீடு. அந்த உயிரின் தசைக்குள்ளேயே நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலைக் கொண்டு உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கும் பெரும்பங்கு கொடுத்துவிடுகிறது. பவளத்தின் பழுப்பு, பச்சை நிறமெல்லாம் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரருடையதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், இந்த ஏற்பாடு கலைந்துவிடும். பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. பார் சுண்ணாம்பு பூசிய சுவரைப்போல வெளுத்துப்போகிறது. வெளுத்த உடனே செத்துவிட்டது என்று பொருள் இல்லை. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும். குளிராவிட்டால் பட்டினி. அதன் பிறகு அந்த வெள்ளைக் கல்லின்மேல் வேறு பாசி படர்ந்து பழுப்பாகிவிடும். இங்கே 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பெரிய வெளுப்பு ஏற்பட்டது. மீன் குஞ்சு ஒளிந்து வளர்கிற இடம் பார்தான். அது போனால் வலையில் என்ன விழும் என்பதை உங்கள் ஊரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.

மழையைப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான் மழை. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாதி ஆண்டு மழை! ஒரு குறிப்பிட்ட மழையைக் காட்டி இது பருவநிலை மாற்றத்தால் வந்தது என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் சூடான கடலிலிருந்து கூடுதல் ஈரம் எழும், சூடான காற்று அதைக் கூடுதலாகத் தாங்கும், கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும் என்பதில் அறிவியலுக்குச் சந்தேகம் இல்லை. கண்மாயைப் பொறுத்தவரை பத்து நாள் பெய்கிற மழையும் பத்து மணி நேரத்தில் பெய்கிற மழையும் ஒன்றாகாது. இரண்டாவது கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அடுத்த கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

மறுபக்கமும் உண்டு. கேரளக் கரைக்கே உரியது என்று நினைத்திருந்த மத்தி, நாம் பேய்ச்சாளை என்போமே, அது சில பத்தாண்டுகளாகக் கிழக்குக் கரையிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. கடல் சூடாவதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள் மீன்வள ஆராய்ச்சியாளர்கள். வந்த மீனை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

ஆனால் எல்லாப் பழியையும் வெப்பத்தின் தலையில் போடுவதற்கும் நான் தயாராக இல்லை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. கடல்மட்டம் உயர்ந்ததுதான் காரணம் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அந்தத் தீவுகளுக்கு அரணாக இருந்த பவளக்கல்லை வள்ளம் வள்ளமாக வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் போட்டதும் வீடு கட்டியதும் யார்? நாம்தான். அரண் போன பிறகு அலை தீவைத் தின்றுவிட்டது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த பிறகுதான் அந்த வேலை அடங்கியது. ஆகவே 'கடலோர மக்கள் என்றைக்கும் இயற்கையின் காவலர்கள்' என்று யாராவது கவிதை படித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

சரி, பழங்குடிகள். உங்கள் சந்தேகத்தின் மையம் அதுதான். நம்பிக்கை எப்படி உலகைக் காப்பாற்றும் என்று கேட்கிறீர்கள். நான் பார்ப்பது நம்பிக்கையை இல்லை. ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, அந்த இடத்தில் எப்போது கை வைக்கலாம், எப்போது வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை. தாய், சாமி என்பதெல்லாம் அந்தக் கட்டுப்பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வழி.

ஒடிசாவில் நியமகிரி என்றொரு மலை. அங்கே வாழும் டோங்ரியா கோந்து மக்களுக்கு அந்த மலையே நியமராஜா, சாமி. அதன் உச்சியில் பாக்சைட், அலுமினியம் எடுக்கிற தாது. சுரங்கம் தோண்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஏப்ரலில் நீதிமன்றம், கிராமசபைகளே இதை ஆராய்ந்து சொல்லட்டும் என்றது. 12 கிராமசபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. மலை நின்றது. சாமி நேரில் வந்து தடுக்கவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அந்த மக்களின் கையில் ஒரு பிடி கொடுத்திருந்தது. தங்கள் சாமியைச் சட்டத்தின் மொழியில் பேசவைக்க அவர்களால் முடிந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஊர் ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் நடுவே டோரஸ் நீரிணை இருக்கிறது. நம் பாக் நீரிணையைப்போலவே ஆழம் குறைந்த கடல், இடையிடையே தாழ்வான தீவுகள். நம் ஆவுளியா, அதுதான் கடல்பசு, உலகிலேயே மிக அதிகமாக வாழ்வது அங்கேதான். அந்தத் தீவுகளின் பூர்வகுடிகளில் எட்டுப் பேர் 2019இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார்கள். கடல் ஏறி முன்னோரின் கல்லறைகளை அரிக்கிறது, தோட்டத்து மண்ணில் உப்பு ஏறுகிறது, இந்த இடத்தை விட்டுப் போனால் எங்கள் முறைமைகளை வேறெங்கும் நடத்த முடியாது என்றார்கள். 2022 செப்டம்பரில் குழு அவர்கள் பக்கம் பேசியது. காலத்தோடு பாதுகாக்காமல் ஆஸ்திரேலியா அவர்களின் வீட்டு, குடும்ப வாழ்வுக்கான உரிமையையும் பண்பாட்டு உரிமையையும் மீறிவிட்டது, இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. இதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே தீவுகளைச் சேர்ந்த பெரியவர்கள் இருவர் ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் நடத்திய வேறொரு வழக்கு 2025 ஜூலையில் தோற்றது. பாதிப்பு உண்மை என்று நீதிபதி ஒப்புக்கொண்டார், இன்றைய சட்டத்தில் இதற்கு வழி இல்லை என்றார்.

இந்த வழக்குகளில் என்னைத் தொட்டது கல்லறைதான். நாம் இழப்பைக் கணக்கிடும்போது எத்தனை படகு, எத்தனை வீடு, எத்தனை ஏக்கர் என்று எழுதுகிறோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் எடுத்துக்கொண்டதே, அப்போதும் ரயிலையும் கட்டடத்தையும்தான் அதிகம் பேசினோம். ஓர் ஊர் மொத்தமாக ஒரு கடலோடு வைத்திருந்த பழக்கம் போனதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

இப்போது உங்கள் அம்மாவிடம் வருகிறேன். அரசுப் பட்டியலில் அவர் பழங்குடி இல்லை. ஆனால் அவர் வேலையைக் கூர்ந்து பாருங்கள். சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணில் கண்ணாடி, விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிய கட்டு, இடுப்பில் வலைப்பை. மூச்சை அடக்கி மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் கிள்ளுகிறார். இரும்பால் சுரண்டினால் வேகமாகச் சேரும். ஆனால் அடி போய்விடும், மறுபடி முளைக்காது. அதனால்தான் சுரண்டுவதில்லை என்று பெண்களே முடிவெடுத்தார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பாசி வளர விட்டுவிடுவது. இதை எந்தத் துறையும் எழுதிக் கொடுக்கவில்லை. 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்துத் தீவுகளைச் சுற்றிக் கோடு போட்டபோது, அந்தக் கோட்டுக்குள் இப்படிப்பட்ட பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தவர்களும் குறைவு. நியமகிரி மக்களிடம் இருந்த அதே சரக்குதான் இங்கேயும் இருக்கிறது. பூமித்தாய் என்ற பேச்சு மட்டும் இல்லை. பேச்சு இல்லாததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் பருவம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையில் நிற்பவை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும்; பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் அடங்கியிருக்கும். வாடை வந்தால் தலைகீழ். அதற்கேற்ப நம் ஆட்கள் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாறிக்கொள்வார்கள். இப்போது கச்சான் ஓய வேண்டிய நாளில் ஓய்வதில்லை, வாடை நினைத்தபோது வருகிறது என்று வயதானவர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை சமுதாய வானொலியிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. காற்று புரண்டால், அதை நம்பிப் போட்ட நாள்கணக்கும் புரளும். அதனால்தான் 'பழங்குடி அறிவு உலகைக் காப்பாற்றும்' என்று பெரிய மாநாடுகளில் பேசும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. 14 டன் எரிப்பவர் தன் எரிப்பைக் குறைக்காமல், மூச்சடக்கி மூழ்குகிறவரிடம் உலகைக் காப்பாற்றும் வேலையை ஒப்படைப்பது என்ன நியாயம்?

காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் வேண்டும். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, நிலக்கரிக்கு மாற்று அதுதான். ஆனால் மாற்று என்ற பெயரில் எது வந்தாலும், அந்த நிலத்தில் ஆடு மேய்த்தவர் எங்கே போவார், ஊருணிக்கு வரும் வரத்துக்கால் என்ன ஆகும் என்று முதலில் கேட்கிற பழக்கமும் சேர்ந்து வர வேண்டும்.

அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். வன உரிமைச் சட்டத்துக்கு ஈடான ஒரு சட்டம் கடலோர மக்களுக்கு இன்னும் வரவில்லை. இப்போதைக்குக் கையில் இருப்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்புதான். அதன்படி மாவட்டத்துக்குக் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடம் தயாரிக்க வேண்டும். மீனவர் குடியிருப்பு, மீன் உலர்த்தும் இடம் போன்ற பொது இடங்களையெல்லாம் அதில் குறிக்க வேண்டும். வரைவு வெளிவரும்போது மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். நாளைக்கு ஒரு கட்டுமானமோ தடுப்புச் சுவரோ, கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவோ வரும்போது, வரைபடத்தில் இல்லாத இடத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். நீங்கள் படித்தவர். உங்கள் ஊரின் வரைபடத்தை வாங்கி, அம்மாவையும் அவருடன் போகும் பெண்களையும் உட்காரவைத்துப் பாருங்கள். படகு நிறுத்துமிடத்தைச் சங்கத்து ஆண்கள் எப்படியும் கேட்டு வாங்கிவிடுவார்கள். பாசி காயப்போடும் திடல் விட்டுப்போயிருக்கும். அதைக் குறிக்கச் சொல்லும் மனுவில் அந்தப் பெண்களே கையெழுத்துப் போடட்டும், கிராமசபையிலும் தீர்மானமாக வையுங்கள்.