அடைமழையில் கால் விடுபட்டிருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் என் சைக்கிளில் பெடல் மாறிவிடும். ஷூவை மாட்டிக்கொள்கிற பெடல் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, காலைச் சும்மா வைத்து மிதிக்கிற சாதாரண தட்டைப் பெடல் இரண்டைப் பூட்டுவேன். தை பிறந்து ரோடு காய்ந்த பிறகுதான் பழைய பெடல் திரும்ப ஏறும். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனைக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் நண்பர்களோடு தூரமாகவும் போவேன். அந்த நண்பர்களிடம் வருடா வருடம் நான் வாதாடுகிற விஷயம் இது. வானொலியில் பேச அழைத்தார்கள் என்றதும் வேறு எதுவும் தோன்றவில்லை.

முதலில் அந்தப் பழைய பெடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் ஹெல்மெட், இறுக்கமான பனியன் சகிதமாகப் போகிற சைக்கிள்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் நடந்தால் டக் டக்கென்று சத்தம் வரும். ஷூவின் அடியில் ஒரு கட்டை முடுக்கியிருப்பார்கள், அதற்குக் கிளீட் என்று பெயர். பெடலில் வைத்து அழுத்தினால் கிளிக்கென்று மாட்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். மேலே தூக்கினால் வராது, திருப்பினால்தான் வரும். பனிச்சறுக்குக் கட்டையில் பூட்ஸை மாட்டுகிற முறையிலிருந்து பிறந்த ஏற்பாடு இது. லுக் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி 1984இல் சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. மறு வருடமே பெர்னார் இனோ என்கிற பிரெஞ்சு வீரர் அதைப் பூட்டிக்கொண்டு டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ சின்னக் கிளீட் ஒன்றைக் கொண்டுவந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஓரளவு நடக்கவும் முடியும்.

நல்ல பெடல்தான். வேகமாகச் சுற்றும்போது கால் துள்ளாது, பாதம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். காய்ந்த ரோட்டில் பழவேற்காடு வரை போய் வருகிற நாளில் நானும் அதைத்தான் பூட்டுகிறேன்.

பனி பெய்கிற நாடுகளில் குளிர்காலம் வந்தால் பலர் இதைக் கழற்றிவிட்டுச் சாதாரண தட்டைப் பெடலுக்கு மாறுகிறார்கள். ஷூவுக்கு அடியில் இருக்கிற உலோகம் பாதத்துச் சூட்டை உறிஞ்சிவிடும். கனமான பூட்ஸ் போட வேண்டியிருக்கும். பனிக்கட்டியில் சக்கரம் வழுக்கினால் கால் உடனே தரைக்கு வர வேண்டும். இந்த மூன்றில் முதல் இரண்டும் நமக்குத் தேவையில்லை. மார்கழி விடியலிலும் சென்னையில் இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மூன்றாவது இருக்கிறதே, கால் உடனே தரைக்கு வர வேண்டும் என்பது, அது அப்படியே நமக்கும்தான். இங்கே பனிக்கட்டிக்குப் பதில் தண்ணீர். நம் ஊருக்கு வருடத்தில் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் பெய்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் வடசென்னை ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கணேசபுரம் சுரங்கப்பாதை நிறைந்துவிடும். கொருக்குப்பேட்டைப் பக்கம் தண்டவாளம் ஈரத்தில் வழவழவென்று இருக்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். லாரியிலிருந்து சொட்டிய டீசலும் எண்ணெயும் மழைத் தண்ணீரில் வானவில்லாக மிதக்கும். அந்த வானவில்லைப் பார்த்தால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பள்ளம் எது, மூடி போன பாதாளச் சாக்கடை எது என்று கண்ணுக்குத் தெரியாது. இப்படி ஒரு ரோட்டில் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: கால் தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

கிளீட் போட்டுப் பழகியவர்கள், "அதெல்லாம் அரை நொடி வேலை, கால் தானாகத் திரும்பிவிடும்" என்பார்கள். சிக்னலில் நிற்கும்போது திரும்பும். எந்தப் பக்கம் சாயப் போகிறோம் என்று அப்போது முன்கூட்டியே தெரியும். தண்ணீருக்கு அடியில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? இடது காலை எடுத்துத் தயாராக வைத்திருப்பீர்கள், வண்டி வலப்பக்கம் சாயும். வலப்பக்கம்தான் கன்டெய்னர் லாரி.

காசிமேட்டுத் துறைமுகத்துக்கு ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு போகிற ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையை என் நண்பர்கள் பலமுறை கேட்டிருக்கிறார்கள், நீங்களும் கேளுங்கள். பழைய கனத்த சைக்கிள், கேரியரில் பெரிய பெட்டி. ரப்பர் கட்டை வைத்த பெடல், காலில் ஹவாய் செருப்பு. நல்ல மழையில் அவருக்குப் பின்னாலேயே நான் போயிருக்கிறேன். தண்ணீர் தேங்கிய இடம் வந்தால், தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைப்பார். ஒரு பெடல் கீழே வந்ததும் அந்தப் பக்கத்துக் கால் மெல்ல வெளியே வந்து தொங்கும். மற்றக் கால் மிதித்துக்கொண்டே இருக்கும். அரை மிதி, நிறுத்தம், அரை மிதி. வண்டி லேசாக ஆடினாலும் பாதம் தரையைத் தொட்டு மீளும். அவ்வளவு பாரத்தோடு அந்த வண்டி ஒருமுறைகூடச் சாய்ந்து நான் பார்க்கவில்லை.

டீக்கடையில் ஒருநாள் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். என் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். "இத்த மாட்டிக்கினா எப்டி சார் எறங்குவ?" என்றார். திருப்பினால் வந்துவிடும் அண்ணே என்று செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "பள்ளத்துல வுட்டா திருப்ப எங்க சார் நேரம் கீது?" என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவரிடம் இருக்கிற அறிவு எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் பலரிடம் இல்லை என்று இன்றும் சொல்கிறேன். மீன்பாடி வண்டி மிதிப்பவர்கள், தண்ணீர் கேன் போடுகிற பையன்கள், பால் பாக்கெட் போடுகிறவர்கள் எல்லோரும் மழையில் கால் விடுபட்டுத்தான் ஓட்டுகிறார்கள். தட்டைப் பெடல் போட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற இளைஞர்கள் இவர்கள் ஓட்டுவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

"சரி சார், வேகம் போய்விடுமே, காலை மேலே இழுத்து மிதிக்க முடியாதே" என்று அடுத்துக் கேட்பார்கள். பரிசோதனைக் கூடங்களில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். சீராக மிதிக்கும்போது தேர்ந்த பந்தய வீரர்கள்கூட அவ்வளவாக மேலே இழுப்பதில்லை. மேலே வருகிற காலைப் பெடலுக்குப் பாரமாகாமல் இலேசாக்குகிறார்கள், அவ்வளவுதான். பலம் எல்லாம் கீழே அழுத்துவதில்தான் இருக்கிறது. வேண்டுமென்றே இழுத்து மிதிக்கச் சொன்னபோது அதே வேலைக்கு உடம்பு கூடுதலாகச் செலவழித்தது என்றும் கண்டார்கள். அதுவும் போக, தண்டையார்பேட்டையில் முழங்கால் தண்ணீரில் என்ன வேகம் வேண்டிக் கிடக்கிறது? வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கத்தான் வேண்டும். கிளீட் ஷூவில் அந்தத் தண்ணீருக்குள் நடந்து பாருங்கள், அடியில் பாசி பிடித்த தரை, காலில் வழுக்குகிற கட்டை. சேறு அடைத்துக்கொண்டால் அப்புறம் பெடலில் மாட்டவும் மாட்டாது.

எந்தத் தட்டைப் பெடல் வாங்குவது? அகலமாக, மேலே சின்னச் சின்ன முள் வைத்தது. நைலான் பெடல் போதும், உப்புக் காற்றுக்கு அந்த நைலானில் துருவும் பிடிக்காது. தேய்ந்துபோன ரப்பர் கட்டைப் பெடல் ஈரத்தில் வழுக்கும், அதை மாற்றிவிடுங்கள். ஷூவுக்கு அடி தட்டையாக, ரப்பராக இருந்தால் போதும். கேன்வாஸ் ஷூ சீக்கிரம் காயும்.

இனி மாட்டுவது. இதில்தான் எத்தனை பெடல் பாழாகியிருக்கிறது! வலது பெடலுக்கு நேர் மரை, வலப்பக்கம் திருகினால் இறுகும்; இடது பெடலுக்கு எதிர் மரை, இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். தெரியாமல் இடது பெடலை எல்லா நட்டும் போல நினைத்துத் திருகித் திருகி, பெடலைத் தாங்குகிற கிராங்கின் மரையையே அழித்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் இடது பெடல் மிதிக்க மிதிக்கத் தானாகக் கழன்று வந்துவிடும். ஏன் என்று விளக்கப் படம் வேண்டும், அதனால் விட்டுவிடுகிறேன். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. விமானம் பறக்கவிட்டார்களே ரைட் சகோதரர்கள், அவர்கள் அதற்கு முன்பு அமெரிக்காவின் டேட்டன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். 1900 வாக்கில் தங்கள் சைக்கிளில் இடது பெடலுக்கு எதிர் மரை வைத்திருப்பதை ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றார்கள். வானத்தில் பறந்தவர்கள் பெடல் மரையைப் பற்றியும் யோசித்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

நினைவில் வைக்க ஒரு வழி. பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை, கைப்பிடி மேலே பார்க்கும்படி பெடலில் மாட்டுங்கள். எந்தப் பக்கத்துப் பெடலானாலும் சரி, பின்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். இன்னொரு முறை சொல்கிறேன்: பின்னால் தள்ளினால் கழலும், முன்னால் தள்ளினால் இறுகும். மாட்டுவதற்கு முன் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது கட்டாயம், இல்லாவிட்டால் தை மாதத்தில் கழற்ற முடியாமல் துருவேறி நிற்கும்.

முள் பெடலில் ஒரு தொல்லை உண்டு. கால் நழுவினால் கெண்டைக்காலிலோ முன்காலிலோ குத்திவிடும். சாதாரண நாளில் அது சின்னக் கீறல். தேங்கிய தண்ணீரில் அந்தக் கீறலோடு காலை வைப்பதுதான் ஆபத்து, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் இருக்கிற கிருமி கீறல் வழியாக உள்ளே போகும். அதனால் நீளக் காலுறை போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்ச்சல் வந்தால் வெள்ளத்தில் நடந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீரோடு எண்ணெயும் பரவியதே, அந்த நாட்களில் ஷூவின் அடியைத் துடைக்காமல் பெடலில் கால் நிற்கவே நிற்காது.

புதிதாக மாறினால் சில நாள் கால் பெடலை விட்டு மேலே எழும்பும். ஸ்பீடு பிரேக்கரில் குதிகாலைக் கொஞ்சம் கீழே இறக்கி, பாதத்தைப் பெடலில் அழுத்துங்கள், பெடல் காலோடு ஒட்டி நிற்கும். ஷூவின் அடி கனம் மாறுவதால் சீட்டைச் சில மில்லிமீட்டர் இறக்கவோ ஏற்றவோ வேண்டியிருக்கும், முழங்காலில் வலி தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. விளக்கும் பிரேக்கும் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும், லாரி ஓட்டுநருக்கு மழையில் நீங்கள் தெரிய வேண்டும். ஈரத்தில் பிரேக் கட்டை பிடிக்க நேரம் எடுக்கும், முன்கூட்டியே லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடந்து போங்கள், சாய்வாகக் கடக்காதீர்கள். ஆழம் தெரியாத தண்ணீர் என்றால் எந்தப் பெடலாக இருந்தாலும் இறங்கிவிடுங்கள். மட்கார்டு பற்றி இன்னொரு நாள் கூப்பிட்டால் பேசுகிறேன். வணக்கம்.