சுழற்றும் கை

வணக்கம் நேயர்களே. நான் இலங்கை மலைநாட்டுக் கொட்டகலையிலிருந்து வந்திருக்கிறேன். கண்ணாடி ஊதும் கலையைப் பற்றிப் பேச அழைத்தார்கள், மிக்க சந்தோஷம்.

"நல்லா தம் பிடிச்சு ஊதணுமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஊதுவதற்குக் கொஞ்சம் மூச்சே போதும். இது கையின் வேலை.

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது, லீவு நாட்களில் ஒரு பட்டறைக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். முதல் நாள் உலைப் பக்கமே விடவில்லை. வெறும் இரும்புக் குழாயைக் கொடுத்து, சுழற்றிக்கொண்டே இரு என்றார்கள். காரணம் மறுநாள் புரிந்தது. ஏறத்தாழ 1100 பாகை செல்சியஸில் கண்ணாடி, கித்துள் பாணி, அதாவது கித்துள் பாகு மாதிரி இருக்கிறது. கரண்டி நுனியில் பாணியை எடுத்து அசையாமல் பிடித்துப் பாருங்கள், வழிந்துவிடும். குழாய் முனையில் எடுத்த கண்ணாடியும் அப்படித்தான். கை நின்றால் ஒரு பக்கம் தொங்கிவிடும்.

அந்த உருண்டையை இரும்பு மேசையில் உருட்டி, மேல்தோலைக் கொஞ்சம் ஆறவிட வேண்டும். அப்புறம் குழாய்க்குள் ஒரு சின்ன ஊது. உடனே வாயை எடுத்து, குழாயைக் கட்டைவிரலால் அடைத்துவிட வேண்டும். உள்ளே அகப்பட்ட காற்று சூட்டில் விரிந்து, உருண்டையின் நடுவே ஒரு குமிழ் தானாகத் திறக்கும். அதை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வடிவம் கொடுக்க எது தெரியுமா? பழைய பேப்பர்! பல மடிப்பாய் மடித்து, தண்ணீரில் ஊறவைத்து, உள்ளங்கையில் வைத்துக் கண்ணாடியைத் தாங்குவார்கள். எழும் ஆவியே மெத்தையாகிவிடும்.

சிரியா, பாலஸ்தீனப் பக்கம் 2000 ஆண்டுகளுக்கு முன் பிறந்த தொழில் இது. நெடுங்காலம் பெரிய உலைக்கூடங்களுக்குள்ளேயே இருந்தது. 1962இல் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஹார்வி லிட்டில்டன் என்ற கலைஞர் ஒரு சின்ன உலை வைத்துப் பயிற்சி நடத்தினார். கலைஞர் ஒருவர் தன் சொந்தப் பட்டறையிலேயே கண்ணாடி ஊதலாம் என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவியது.

நம்ம மலைநாட்டில் இரவு பகலாய் உலை எரிப்பது கஷ்டம். ஆனால் மேசைச் சுவாலையில் கண்ணாடிக் குழாயை உருக்கி ஊதுவது இங்கேயும் முடியும். எரிவாயுவும் ஒட்சிசனும் சேர்ந்த சுவாலை, கண்ணுக்குத் தகுந்த பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி உடுப்பு, காற்றோட்டமுள்ள அறை, பக்கத்தில் வேலை தெரிந்த ஒருவர், இவ்வளவும் வேண்டும். ஊதும்போது குழாயைச் சுவாலைக்கு வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்காற்று நேரே அடிக்கும் ஜன்னலோரம் உட்காராதீர்கள், சூடான கண்ணாடி வெடிக்கும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுதான், தொட்டுப் பார்க்கவே கூடாது.

செய்து முடித்ததை 500 பாகை அளவுச் சூளையில் வைத்து, இரவு முழுக்க மெதுவாக ஆறவிட வேண்டும். என் முதல் கோப்பையை நான் வெளியிலேயே வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் டக்கென்று இரண்டானது.

இரண்டாவது கோப்பை வீட்டில் இருக்கிறது. அம்மா அதில் சூடான சாயத்தண்ணி, அதாவது பால் சேர்க்காத தேநீர், ஊற்றப் போனார். "வேண்டாம்மா, ஒரு பக்கம் தடிப்பு, சூடு சமமாப் போகாது, விரிசல் விட்டுடும்" என்றேன். சரி என்று செவ்வந்திப் பூ வைத்தார்.