குதிரையை வாங்கியது யார்?

வணக்கம். இலக்கிய வகுப்பில் ஒரு நிஜக் கொலைவழக்குப் புத்தகத்தைப் பாடமாக வைத்துவிட்டார்கள், கட்டுரை வேறு கேட்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று முழிக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். புத்தகம் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்'.

1959 நவம்பர் 15. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்கிற சின்ன ஊர். விவசாயி ஹெர்ப் கிளட்டர், அவர் மனைவி, மகள் நான்சி, மகன் கென்யன் என நான்கு பேரையும் வீடு புகுந்த இருவர் கொன்றார்கள். பணம் நிறைந்த இரும்புப்பெட்டி இருக்கிறது என்று சிறையில் ஒருவன் சொன்னதை நம்பி வந்தவர்கள். பெட்டியே கிடையாது, கிளட்டர் எதற்கும் காசோலைதான் கொடுப்பார். கிடைத்தது ஐம்பது டாலர்கூடத் தேறாது. 1965 ஏப்ரலில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு நியூயார்க்கர் இதழில் தொடராக வந்து, 1966இல் புத்தகமானது.

சரி, இதைச் சுருக்கி எழுதி நான்கு பக்கம் நிரப்பாதீர்கள், கதை உங்கள் ஆசிரியருக்கே தெரியும். கபோட்டி இதைப் 'புனைவல்லாத நாவல்' என்றார், அதாவது நாவல் போல எழுதியது, ஆனால் எல்லாம் நிஜம் என்று. வம்பே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பேட்டி எடுக்கும்போது அவர் டேப் ரெக்கார்டரும் வைக்கவில்லை, குறிப்பேடும் எடுக்கவில்லை. கேட்டுவிட்டு வந்து நினைவிலிருந்து எழுதினார், கூடப்போன தோழி ஹார்ப்பர் லீயும் எழுதிக் கொடுத்தார். அதனால் கையில் பென்சிலோடு படியுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் 'இதை இவருக்கு யார் சொன்னது?' என்று எழுதுங்கள்.

நான்சியின் தங்கக் கைக்கடிகாரம் ஒரு ஷூவின் நுனிக்குள் திணித்து வைத்திருந்தது. ஏதோ சத்தம் கேட்டு, திருடர்கள் என்று நினைத்து அவசரமாக ஒளித்திருக்கிறாள். நாவலாசிரியர் யோசித்து வைத்தது போல இருக்கும், ஆனால் நிஜம். புத்தகத்தின் கடைசியில் துப்பறிந்த அதிகாரியும் நான்சியின் தோழியும் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கிற காட்சியோ நிஜம் போலவே இருக்கும், அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை. கல்லூரியில் நான் எழுதிய கட்டுரையில் அந்தக் காட்சியைத்தான் 'உண்மையின் உருக்கம்' என்று புகழ்ந்து தள்ளியிருந்தேன்! ஆசிரியர் சிவப்பு மையில் 'யார் பார்த்தது?' என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கொலை நடந்த விதத்தை மூன்றாம் பகுதி வரை சொல்லாமல் இழுக்கிறாரே, அதைப் பற்றியும் எழுதலாம், பலரும் எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது குதிரை. நான்சியின் குதிரை பேப் ஏலத்துக்கு வருகிறது. வெளியூர் விவசாயி ஒருவர், உழவுக்கு ஆகும் என்று 75 டாலருக்கு வாங்கிப் போகிறார். படிக்கும்போது தொண்டை அடைக்கும். புத்தகம் வந்த ஆண்டிலேயே ஓர் ஆய்வாளர் கான்சாஸுக்கே போய் விசாரித்தார்: வாங்கியவர் உள்ளூர்க்காரர், கொடுத்தது 182 டாலர் 50 சென்ட். கபோட்டி எதற்காக விலையைக் குறைத்தார், ஏன் குதிரையை ஏரில் பூட்ட நினைத்தார்? கட்டுரையின் முதல் பத்தியை அங்கே வையுங்கள்.