மூக்குக் கழுவும் போத்தல்

வணக்கம் நேயர்களே. நெல்லு வெட்டுத் தொடங்கிவிட்டால் வன்னியில் தூசிக்குக் குறைவில்லை. பகல் முழுக்க வெட்டு மெசினுக்குப் பின்னால் நின்றவருக்கு இரவெல்லாம் தும்மல், மூக்கடைப்பு. உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொல்கிறார்கள். நல்ல வழிதான். என் கவலையெல்லாம் கழுவுகிற போத்தலைப் பற்றியது.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் ஐயா ஒருவர் தன் போத்தலை எடுத்துக் காட்டினார். மூடியபடி இருந்தது, அடியில் முதல்நாள் தண்ணீர். மூடியைத் திருகி உள்ளே இருந்த குழாயைத் தடவினேன். குளத்துப் படிக்கல்லைப் போல வழுக்கியது.

அந்த வழுக்கலுக்குள்தான் பக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஒன்றோடொன்று ஒட்டி, தங்களைச் சுற்றிப் பசை போல ஒரு படலம் கட்டிக்கொள்ளும். சும்மா அலசினால் அது போகாது. ஆட்கள் பாவித்த போத்தல்களைப் பரிசோதித்த ஆய்வுகளில் சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகொக்கஸ் போன்றவை அகப்பட்டிருக்கின்றன. தண்ணீரோடு வருவது ஒருபுறம். போத்தலை அமத்திவிட்டு மூக்கில் வைத்தபடியே பிடியைத் தளர்த்தினால், மூக்குச்சளியும் உள்ளே இழுபடும். கிருமி இருந்தால் கட்டாயம் வருத்தம் வரும் என்றில்லை. ஆனால் மூக்கில் ஒப்பரேசன் செய்தவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் மிகவும் கவனமாக இருக்கவேண்டும்.

ஐயா கேட்டார்: “பிள்ளை, நாங்கள் குடிக்கிற கிணத்துத் தண்ணிதானே, மூக்குக்கு மட்டும் என்ன?”

நியாயமான கேள்வி. குடித்தால் இரைப்பையில் அமிலம் இருக்கிறது, பல கிருமிகள் அங்கேயே சாகும். மூக்கில் அந்தக் காவல் இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபாவால் இறந்தார்கள். மிக அரிது, ஆனால் அது வாழ்வது சூடான நன்னீரில். எங்கள் வெயிலையும் குளங்களையும் நினைத்துப் பாருங்கள்.

போடுகிற உப்பு கிருமியைக் கொல்லாது. மின்சாரக் கேத்தில் கொதித்தவுடன் நின்றுவிடும். அடுப்பிலே வைத்து, ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். கழுவி முடிந்ததும் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். போத்தலைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கொதித்தாறிய தண்ணீரால் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். ஆளுக்கொரு போத்தல். உள்ளே வழுக்கினாலோ நிறம் மாறினாலோ எறிந்துவிடுங்கள்.

மூக்குக் கழுவிய சில நாட்களுக்குள் கடும் தலையிடி, காய்ச்சல், சத்தி, கழுத்து விறைப்பு வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தண்ணீரால் கழுவினீர்கள் என்பதையும் மறக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.