ஒப்பந்தமே போடாத ரெக்கார்ட் கம்பெனி: டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு நான் மிகவும் மதிக்கிற ஒரு சின்ன ரெக்கார்ட் கம்பெனியைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் டிஸ்கார்ட். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கலந்த ராக் இசை) குழுக்களுக்காகவே 1980இல் தொடங்கப்பட்டது, இன்னும் நடக்கிறது.

அந்த ஊரில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு இருந்தது. கச்சேரிகளில் கிடைத்த காசை யாரும் கையில் எடுக்காமல் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தார்கள். சுமார் 600 டாலர் சேர்ந்தது. ஆனால் அதற்குள் குழு கலைகிற நிலை. பணத்தைப் பிரித்துக்கொள்வதா, இசைத்தட்டு போடுவதா என்ற கேள்வி வந்தபோது இசைத்தட்டு என்று முடிவெடுத்தார்கள். கலைந்துபோன குழுவின் பாட்டை யார் வெளியிடுவார்கள்? அதனால் குழுவிலிருந்த இயன் மக்காயும் ஜெஃப் நெல்சனும் தாங்களே கம்பெனியைத் தொடங்கினார்கள்.

அந்தத் தட்டு ஏழு அங்குலம், எட்டுப் பாட்டு. உறை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஏற்கெனவே இருந்த ஒரு தட்டின் உறையைப் பிரித்து, அதன் வடிவத்தை அப்படியே வரைந்து, அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, பசை போட்டு ஒட்டினார்கள். ஆயிரம் உறை! அட்டையில் இரண்டு கைகள், புறங்கையில் பெரிய பெருக்கல் குறி. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கிளப், வயது குறைந்தவர்களுக்கு மது ஊற்றிவிடக் கூடாதென்று போட்ட அடையாளம் அது. பிள்ளைகளும் உள்ளே வந்து பாட்டு கேட்கட்டும் என்று அந்த வழக்கத்தை இவர்கள் வாஷிங்டனுக்கும் கொண்டுவந்தார்கள்.

சரி, அப்புறம்? விற்று வந்த பணம் நண்பர்களின் குழுக்களுக்குப் போனது. மைனர் திரெட், பிறகு ஃபுகாஸி எல்லாம் இங்கேதான். பல தட்டுகளின் உறையிலேயே அஞ்சல் செலவு சேர்த்து விலை அச்சிட்டிருக்கும். கடைக்காரர் கூட்டிச் சொல்ல வழியில்லை.

என்னை இவர்களிடம் இழுத்தது இதுதான்: குழுக்களோடு எழுத்து ஒப்பந்தமே கிடையாது. செலவு போக மிஞ்சும் லாபத்தில் குழுவுக்குப் பங்கு, அவ்வளவுதான். 90களில் நிர்வானா என்ற ராக் குழு பெரிய வெற்றி பெற்றதும் பெரிய கம்பெனிகள் இப்படிப்பட்ட குழுக்களைத் தேடி அலைந்தன. ஃபுகாஸி மறுத்துவிட்டது. டிஸ்கார்டிலிருந்த இன்னொரு குழுவான ஜாபாக்ஸ், அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனிக்குப் போனது. போகிறவர்களைக் கட்டிவைக்க இங்கே ஒரு காகிதமும் இல்லை. அட்லாண்டிக் 1994இல் வெளியிட்ட ஜாபாக்ஸின் ஆல்பத்தை 2009இல் மறுபடி கொண்டுவந்தபோது, அதில் டிஸ்கார்டும் பங்கெடுத்தது. அந்த உறவு உடையவில்லை என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

கேட்க நினைக்கிறவர்கள் ஃபுகாஸியின் கச்சேரிப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். 800க்கும் மேல் பதிவு செய்து வைத்திருந்தார்கள், 2011 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். பாட்டுக்கு நடுவே கூட்டத்தோடு பேசுகிற இடங்களைத் தாண்டிவிடாமல் கேளுங்கள்.