சித்திரவதையில் வாங்கிய வாக்குமூலத்தை ஆய்வில் எப்படிப் படிப்பது?

[திரையில்: மூன்று மாடிப் பள்ளிக் கட்டடம், முன்னால் முள்கம்பி]

கல்லூரி ப்ராஜெக்டுக்கு 'மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்கள்' என்று தலைப்பு எடுத்துவிட்டீர்களா? சரி, முதலில் அதைச் சுருக்குங்கள். நியூரம்பர்க்கில் ஆரம்பித்து ருவாண்டா வரை ஒரே ரிப்போர்ட்டில் அடைத்தால் விக்கிபீடியாதான் மறுபடி வரும். ஒரு நாடு, ஒரு இடம், முடிந்தால் ஒரே ஒரு வழக்கு. நான் எடுத்துக்கொள்வது கம்போடியாவின் எஸ்-21 சிறை.

கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படை 1975 ஏப்ரல் 17-ல் தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது, 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்து விரட்டியது. இடைப்பட்ட காலத்தில் பட்டினி, நோய், ஓயாத வேலை, கொலை என்று இறந்தவர்கள் சுமார் 17 லட்சம் பேர் என்பது பரவலான மதிப்பீடு. எஸ்-21 அதற்கு முன் ஒரு உயர்நிலைப் பள்ளி. அதை நடத்திய டூச், முன்னாள் கணக்கு வாத்தியார்.

[திரையில்: தட்டச்சு செய்த காகிதம், ஓரத்தில் கையெழுத்துக் குறிப்பு]

அங்கே எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். உள்ளே வந்தவர்களின் போட்டோ, பெயர்ப் பட்டியல், அப்புறம் ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள். அதில் சாதாரண விவசாயிகூட 'நான் சிஐஏ உளவாளி' என்று பக்கம் பக்கமாக ஒப்புக்கொள்கிறார். அடியும் மின்சாரமும் கொடுத்து வாங்கியது, வேறு எப்படி இருக்கும்? புதிதாக ஆய்வுக்கு வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் ஆவணம் அசல், ஆனால் அதில் இருக்கும் கதை பொய். சித்திரவதைக்கு எதிரான ஐநா உடன்படிக்கையின் 15-வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: அப்படி வாங்கிய வாக்குமூலத்தைச் சாட்சியமாக எடுக்கக்கூடாது, சித்திரவதை செய்தவர் மீதான வழக்கில் 'இப்படி ஒன்றை வாங்கினார்கள்' என்று காட்ட மட்டும் எடுக்கலாம். ஆகவே கைதி சொன்னதை விட்டுவிட்டு தேதியைப் பாருங்கள், விசாரித்தவர் பெயரைப் பாருங்கள், ஓரத்தில் டூச் எழுதிய குறிப்புகளைப் பாருங்கள். யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்து சட்டம். எல்லோரும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் எது என்று சொல்லும் ரோம் சாசனத்தின் 7-வது பிரிவை மேற்கோள் காட்டிவிடுகிறார்கள். சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தம் அது. அந்தச் சாசனம் அமலுக்கு வந்தது 2002 ஜூலை 1-ல், அதற்கு முந்தைய குற்றங்களை சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தொட முடியாது. டூச்சை விசாரித்தது ஐநா உதவியோடு கம்போடியாவிலேயே அமைத்த தனி நீதிமன்றம். பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்டோ நடந்த தாக்குதலின் பகுதியாக அந்தக் குற்றம் இருக்க வேண்டும் என்பது இரண்டு சட்டத்திலும் உண்டு, ஆனால் கம்போடிய நீதிமன்றத்தின் சட்டம் அந்தத் தாக்குதல் தேசிய, அரசியல், இன, மதக் காரணங்களுக்காக நடந்திருக்க வேண்டும் என்றும் கேட்டது. வைவாவில் இதைக் கேட்டால் பலர் முழிப்பார்கள்.

எண்ணிக்கையிலும் கவனம். எஸ்-21-ல் கொல்லப்பட்டவர்கள் என்று டூச் மீதான 2010 தீர்ப்பு சொல்வது 'குறைந்தது 12,272 பேர்'. அந்தக் 'குறைந்தது' உங்கள் ரிப்போர்ட்டிலும் இருக்கட்டும்.

கைதிகளின் போட்டோக்களை ஸ்லைடு அலங்காரமாக வைக்காதீர்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. அவர்கள் யாரும் கேட்டு எடுத்த படமில்லை.

[திரையில்: தீர்ப்பின் ஒரு பக்கம், அடிக்குறிப்பு பெரிதாகத் தெரிகிறது]

தீர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். எஸ்-21 எப்படி இயங்கியது என்ற பகுதிக்கு நேராகப் போங்கள், ஒரு பத்தியை எடுங்கள், அதன் அடிக்குறிப்பில் உள்ள ஆவண எண்ணைக் குறித்துக்கொண்டு அந்த ஆவணத்தைத் தேடிப் பிடியுங்கள்.