பனிக்கட்டி எவ்வளவு தாங்கும்?

நேயர்களுக்கு வணக்கம். பாலங்களுக்கு எடைக் கணக்குப் போட்டே வேலைக்காலம் முழுக்கக் கழித்தவன் நான். இவன் எதற்குப் போரைப் பற்றிப் பேசுகிறான் என்று தோன்றலாம். இரண்டாம் உலகப் போரில் சோவியத் நகரமான லெனின்கிராடை, அதாவது இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கை, ஜெர்மானியர்கள் வளைத்த முற்றுகையைப் படிக்கும்போதெல்லாம் என் தொழில் கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது: இது எவ்வளவு எடை தாங்கும்?

1941 செப்டம்பர் 8 அன்று ஜெர்மன் படை நகரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையிலுள்ள ஷ்லிஸ்ஸல்பர்க் ஊரைப் பிடித்தது. நகரத்துக்கான தரைவழி அத்தோடு போயிற்று. மிஞ்சியது லடோகா ஏரி. நவம்பர் 20 முதல் குழந்தைகளுக்கு ஒரு நாள் ரொட்டி 125 கிராம். அதிலும் மரக்கூழும் புண்ணாக்கும் கலந்திருந்தன.

ஏரி உறைவதற்காக ஊரே காத்திருந்தது. 10 சென்டிமீட்டர் உறைந்தால் வெறும் குதிரை நடக்கலாம். ஒரு டன் ஏற்றிய லாரிக்கு 20 வேண்டும். நவம்பர் 22 அன்று சுமார் 60 லாரிகள் இறங்கின. கொண்டுவந்தது 33 டன் மாவு. வகுத்துப் பாருங்கள், ஒன்றரை டன் லாரிக்கு அரை டன் சொச்சம்தான் வருகிறது. அதற்கு மேல் ஏற்ற பயம். பனி உடைந்தால் குதிக்க வசதியாக ஓட்டுநர்கள் கதவைத் திறந்துவைத்தே ஓட்டினார்கள், அந்தக் குளிரில்.

அப்புறம் ஒரு விசித்திரம். மாவு ஏற்றிய லாரி பத்திரமாக வந்து சேரும். பாரம் குறைந்து திரும்பும் லாரி மூழ்கிவிடும். நவும் ரெய்னோவ் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் பனியின் அசைவைப் பதிவுசெய்ய ஒரு கருவி செய்து பார்த்தார்கள். லாரி ஓடும்போது பனிக்கு அடியில் நீரலை எழுகிறது. லாரி அந்த அலையின் வேகத்திலேயே போனால், ஏறக்குறைய மணிக்கு 35 கிலோமீட்டர், ஆட்டம் பெருகிப் பெருகிப் பனி பிளந்துவிடும். பாரம் ஏற்றியது மெதுவாக ஊர்ந்ததால் தப்பித்தது. எடையை மட்டும் பார்த்து ஏமாறுவது எங்கள் தொழிலிலும் உண்டு.

சரி, சண்டைக்கு வருகிறேன். முற்றுகையை உடைக்கும் தாக்குதலுக்கு 'இஸ்க்ரா', அதாவது தீப்பொறி, என்று பெயர். சோவியத் தளபதி கோவரோவின் படை நகரத்துப் பக்கமிருந்து உறைந்த நேவா ஆற்றைக் கடக்க வேண்டும். இன்னொரு தளபதி மெரெத்ஸ்கோவின் படை கிழக்கிலிருந்து வந்து சேர வேண்டும். பனி போதாது என்பதற்காகத் தாக்குதல் தேதியையே தள்ளிவைத்தார்கள். பீரங்கி இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஆறுதான் இன்னும் தயாராகவில்லை!

1943 ஜனவரி 12, காலை 9.30. இரண்டு மணி இருபது நிமிடம் பீரங்கிகள் முழங்கின. ஆற்றுப்பனி உடைந்துவிடக் கூடாது என்று குண்டுகளைக் கரைக்கு அப்பாலேயே விழச் செய்தார்கள். பிறகு காலாட்படை இறங்கி ஓடியது. அறுநூறு மீட்டர் போல வெட்டவெளி, ஒளிய ஒரு புதர் கிடையாது. எதிர்க்கரையோ செங்குத்து. ஜெர்மானியர்கள் அதன்மேல் தண்ணீரை ஊற்றி உறையவைத்துக் கண்ணாடிபோல் வழுக்கவிட்டிருந்தார்கள். அது தெரிந்துதான் வீரர்கள் ஏணிகளையும் கொக்கிகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூடவே வந்தவை சின்ன டி-60 டாங்கிகள். கனமான டாங்கிகளுக்குப் பனிமேல் கட்டைகளை அடுக்கித் தண்ணீர் விட்டு உறையவைத்த பாதை வேண்டியிருந்தது. அதைப் போட்ட ஆட்களுக்குத்தான் என் தனி வணக்கம்.

ஆறு நாள் சண்டைக்குப் பிறகு, ஜனவரி 18 அன்று, இரு படைகளும் சந்தித்தன. கிடைத்தது 8 முதல் 11 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு நிலம். அதற்குத் தெற்கே இருந்த சினியாவினோ மேடு இன்னும் ஜெர்மானியர்கள் கையில். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும்.

அந்த நேரம் லடோகாவின் பனியைத் துளைத்து மரத்தூண் இறக்கி ரயில்பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டுப் புதிய நிலத்துக்குத் திரும்பினார்கள். ஷ்லிஸ்ஸல்பர்க்கில் நேவாவின் குறுக்கே ஒரு தற்காலிக மரப்பாலம், 33 கிலோமீட்டர் தண்டவாளம், எல்லாம் மூன்றே வாரத்துக்குள். பிப்ரவரி 7 அன்று முதல் ரயில் லெனின்கிராடின் ஃபின்லாந்து நிலையத்துக்கு வந்தது. அதன்பிறகு ரயில்கள் பெரும்பாலும் இரவில்தான் ஓடின, விளக்கை அணைத்துவிட்டு.